எழுத்தில்லாத புத்தகமும் பேசாத பிள்ளையும்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டையொட்டி, ஆரம்பப் பிரிவு ஆசிரியைகளும் பழைய மாணவிகளும் கலந்துகொண்ட அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பசறைக்கு அப்பால் ஒரு தோட்டத்து லயத்திலிருந்து, தகரப் பெட்டியோடு ஆறாம் வகுப்புக்கு இந்த விடுதிக்கு வந்தவள் நான். முதல் நாள் வகுப்பில் என்னைப் பேசச் சொன்னார்கள். "எங்க வீடு பணிய இருக்கு, அங்கிட்டு" என்றேன். வகுப்பே சிரித்தது. அன்று சிரித்தவர்களில் சிலர் இன்றும் இங்கே இருக்கிறீர்கள். பயப்பட வேண்டாம், மன்னித்துப் பல காலமாகிறது! ஆனால் அதற்குப் பிறகு ஒரு தவணை முழுவதும் நான் வகுப்பில் வாயைத் திறக்கவில்லை என்பது பலருக்குத் தெரியாது. இன்று நான் பேச வந்திருக்கும் விடயம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

நான் எழுதிய ஒரு சொல்

எனது முதல் நியமனம் பதுளை மாவட்டத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில். ஒரே நீள மண்டபம். தரம் 1, 2, 3 மூன்றும் என் பொறுப்பில். தரம் 2இல் ஒரு பெண்பிள்ளை. ஒழுங்காக வருவாள், சொன்ன இடத்தில் இருப்பாள், பேசமாட்டாள். பாடப்புத்தகத்தைத் திறந்து "இது என்ன?" என்று படத்தைக் காட்டிக் கேட்டால் தலையைக் குனிவாள். இரண்டு தவணை பொறுத்துப் பார்த்தேன். பிறகு அவளுடைய முன்னேற்ற அறிக்கையில் "மந்தம்" என்று எழுதினேன். என் கையெழுத்தில், சிவப்பு மையில். ஆறாம் வகுப்பில் ஒரு தவணை முழுவதும் வாய் திறக்காதிருந்த நான்தான் அதை எழுதினேன்.

அந்த வருடம் வெளிநாட்டிலிருந்து ஒரு நலன்விரும்பி அனுப்பிய புத்தகப் பெட்டி ஒன்று பாடசாலைக்கு வந்திருந்தது. எல்லாம் ஆங்கிலம். அலுமாரியில் வைத்துப் பூட்டினோம். அதில் ஒரு சிறிய புத்தகத்தில் எழுத்தே இல்லை. "இதுல வாசிக்க ஒண்ணுமில்லையே" என்று அதை அடித்தட்டில் தள்ளிவைத்தவளும் நான்தான். அது அமெரிக்க ஓவியர் மெர்சர் மேயர் 1969இல் வெளியிட்ட புத்தகம். தலைப்பைத் தமிழில் சொன்னால் "தவளையே, எங்கே இருக்கிறாய்?".

கதை மிக எளிது. ஒரு சிறுவனும் அவனுடைய நாயும் ஒரு தவளையைப் போத்தலில் வைத்திருக்கிறார்கள். இரவில் தவளை தப்பிவிடுகிறது. காலையில் எழுந்து சப்பாத்துக்குள்ளும் காட்டுக்குள்ளும் தேடுகிறார்கள். நாய் தேன்கூட்டை ஆட்டிவிட, அது விழுந்து பூச்சிகள் துரத்துகின்றன. ஆந்தை வருகிறது. சிறுவன் மரக்கிளை என்று நினைத்துப் பிடித்தது மானின் கொம்பு. கடைசியில் ஒரு மரக்கட்டைக்குப் பின்னால் தவளையைக் குடும்பத்தோடு கண்டுபிடிக்கிறார்கள். எல்லாமே படம்தான்.

ஒக்டோபர் மழை. தகரக் கூரையில் மழை விழுந்தால் எங்கள் மண்டபத்தில் ஆசிரியர் கத்தினாலும் கேட்காது. பாடம் நடத்த முடியாத அந்த நாளில் வேறு வழியில்லாமல் அந்தப் புத்தகத்தை எடுத்துப் பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்துப் பக்கம் பக்கமாகக் காட்டினேன். நாயைப் பூச்சிகள் துரத்தும் பக்கம் வந்ததும், அந்தப் பிள்ளை எழுந்து நின்றாள்.

"டீச்சர், அது தேனீ இல்ல. குளவி. நாய் கூட்ட ஆட்டிருச்சி, அதான் கலைஞ்சிருச்சி. ஓடக் கூடாது டீச்சர். படங்கப் போத்திக்கிட்டுக் குப்புறப் படுக்கணும். எங்கம்மாவ அப்பிடித்தான் கொட்டுச்சி. நாலு பேரு கம்புல தூக்கிட்டு வந்தாங்க."

அவள் பேசிக்கொண்டே போனாள். எந்த மலை, யார் முதலில் கண்டது, கங்காணி எப்படிச் சத்தம் போட்டார், டிஸ்பென்சரியில் என்ன மருந்து பூசினார்கள் என்று ஒன்றின் பின் ஒன்றாக, ஒழுங்கு தவறாமல் சொன்னாள். மழைச் சத்தத்தில் எல்லாரும் நெருங்கி வந்து கேட்டோம். தேயிலை மலையில் குளவி என்றால் என்ன என்பது இங்கே இருக்கும் பலருக்குத் தெரியும். உயிரைக் கொண்டுபோகும் ஆபத்து அது.

அன்று மாலை அந்த அறிக்கையை எடுத்துச் சிவப்புச் சொல்லை வெட்டினேன். வெட்டிய தழும்பு அதில் இருக்கத்தான் செய்தது.

அந்தப் புத்தகம் செய்தது என்ன?

அந்தப் பிள்ளைக்குச் சொற்கள் ஏற்கெனவே இருந்தன. நான் கேட்ட கேள்விக்கு மட்டும் அவளிடம் பதில் இருக்கவில்லை. "இது என்ன?" என்று கேட்கும்போது ஆசிரியைக்குத் தெரிந்த ஒரு சொல்லை, ஆசிரியை எதிர்பார்க்கும் வடிவத்தில் பிள்ளை சொல்ல வேண்டும். அது ஒரு சோதனை. எழுத்தில்லாத புத்தகத்தில் அந்தச் சரியான சொல் அச்சிடப்படவில்லை. ஆசிரியையின் கையிலும் விடை இல்லை. அதனால் பிள்ளைக்குப் பயம் இல்லை.

இதை மொழியியலாளர்களும் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்பதை நான் பிற்பாடுதான் அறிந்தேன். ரூத் பெர்மன், டான் ஸ்லோபின் ஆகிய இருவரும் 1994இல் வெளியிட்ட ஆய்வு நூல் இதே தவளைக் கதையை அடிப்படையாகக் கொண்டது. ஆங்கிலம், ஜெர்மன், ஸ்பானியம், ஹீப்ரு, துருக்கி ஆகிய ஐந்து மொழிகளில் சிறு பிள்ளைகளும் பெரியவர்களும் அந்தப் படங்களைப் பார்த்துச் சொன்ன கதைகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒரே படங்கள்தான். ஆனால் ஒவ்வொரு மொழியும் தன் வழியில் கதையைக் கட்டியது. நமது பிள்ளைகள் அதில் படங்கையும் கங்காணியையும் கொண்டுவந்தார்கள். மானைக் கண்டபோது, "மான் இல்ல, மரை" என்று அரை மணி நேரம் வாதாடினார்கள்.

இத்தாலியின் லம்பெடூசா தீவுக்கு ஆபிரிக்காவிலிருந்தும் மத்திய கிழக்கிலிருந்தும் படகுகளில் வந்து சேர்ந்த பிள்ளைகளுக்காக, சர்வதேசச் சிறுவர் நூல் அமைப்பு 2012இல் உலகெங்குமிருந்து எழுத்தில்லாத புத்தகங்களைத் திரட்டத் தொடங்கியது. எந்த மொழிப் பிள்ளை வந்தாலும் அன்றே கையில் எடுக்கக்கூடிய புத்தகம் அதுதான் என்பதே காரணம்.

நமக்கு இது புதியதும் அல்ல. காமன் கூத்தும் பொன்னர் சங்கரும் அருச்சுனன் தபசும் தோட்டத்தில் விடியவிடிய ஆடப்பட்டபோது, அதை நடத்தியவர்களில் எத்தனை பேர் புத்தகம் பார்த்து வாசித்தவர்கள்? லயத்து மக்களின் பாடல்களை சி.வி. வேலுப்பிள்ளை தேடித் தொகுத்தாரே, அவை கையெழுத்துப் போடத் தெரியாதவர்களின் வாயிலிருந்து வந்தவை. சம்பளப் பதிவில் பெருவிரல் பதித்த கைகளுக்குரியவர்களிடம் கதைக்குக் குறைவே இருக்கவில்லை.

வகுப்பில் செய்வது எப்படி?

இளம் ஆசிரியைகள் கொப்பியோடு வந்திருக்கிறீர்கள். நான் பல வருடம் செய்து பார்த்து, பிழைவிட்டுத் திருத்திக்கொண்டதை ஒழுங்காகச் சொல்கிறேன்.

முதலாவது, மௌனமாகப் பார்ப்பது. முதல் தடவை ஆசிரியை ஒரு வார்த்தையும் பேசக்கூடாது. பக்கத்தை மெதுவாகத் திருப்புங்கள். ஒரு பக்கத்தில் பத்து வரை மனதுக்குள் எண்ணுங்கள். நமக்குத்தான் அது கடினம், பிள்ளைகளுக்கு அல்ல.

இரண்டாவது, கேள்வியை மாற்றுவது. "இது என்ன?" வேண்டாம். "என்ன நடக்குது?" என்று கேளுங்கள். பிள்ளை சொன்னதும், "எதைப் பார்த்து அப்படிச் சொல்ற?" என்று கேளுங்கள். இந்த இரண்டாம் கேள்விதான் முக்கியம். பிள்ளை திரும்பவும் படத்துக்குள் போகும், ஆதாரம் தேடும். ஐந்தாம் தரத்தில் விளங்கிக்கொள்ளும் வினாக்களுக்குப் போடும் அத்திவாரம் அதுதான்.

மூன்றாவது, இரண்டு படத்துக்கு நடுவே இருப்பதைக் கேட்பது. இந்தப் பக்கத்தில் போத்தலுக்குள் தவளை, அடுத்த பக்கத்தில் போத்தல் வெறுமை. நடுவில் என்ன நடந்தது? யாரும் வரையாத அந்தப் படத்தைப் பிள்ளைகள் வரையட்டும்.

நான்காவது, நடிப்பு. ஒருவர் நாய், ஒருவர் ஆந்தை, பத்துப் பேர் குளவி. வகுப்பு கொஞ்சம் சத்தமாகத்தான் இருக்கும். பக்கத்து வகுப்பு ஆசிரியைக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஐந்தாவதுதான் எழுத்து. பிள்ளை சொல்லும் வசனத்தை அவள் சொன்னபடியே டிமைத் தாளில் பெரிதாக எழுதுங்கள். "குளவி கலைஞ்சிருச்சி" என்றால் அப்படியே. பிறகு விரல் வைத்து அவளையே வாசிக்கச் சொல்லுங்கள். தன் வாயிலிருந்து வந்த சொல் என்பதால் அவள் அதை மறக்கமாட்டாள். நியூசிலாந்தில் மாவோரிப் பிள்ளைகளுக்குக் கற்பித்த சில்வியா ஆஷ்டன்-வார்னர், பிள்ளைக்கு முக்கியமான அதன் சொந்தச் சொல்லையே முதல் வாசிப்புச் சொல்லாக்கினார். 1963இல் வெளிவந்த "டீச்சர்" என்ற நூலில் அதை விரிவாக எழுதியிருக்கிறார். நமது மலையகத்துக்கு அளவெடுத்துத் தைத்ததுபோன்ற முறை அது. "கலைந்துவிட்டது" என்ற எழுத்து வழக்கை அடுத்த வாரம் பக்கத்தில் எழுதிக் காட்டலாம். இது வீட்டுச் சொல், இது புத்தகச் சொல், இரண்டும் நம்முடையது என்று சொல்லுங்கள். அதைச் சொல்ல ஓர் ஆசிரியை எனக்கு ஆறாம் வகுப்பின் முதல் நாளில் கிடைத்திருந்தால் ஒரு தவணை மிஞ்சியிருக்கும்.

பல தரங்களை ஒன்றாகக் கற்பிக்கும் சகோதரிகளுக்கு இன்னொரு வார்த்தை. ஒரே புத்தகம் மூன்று தரத்துக்கும் போதும். தரம் 1 சொல்லும், தரம் 2 வரைந்து ஒரு வசனம் எழுதும், தரம் 3 முழுக் கதையாக எழுதித் தரம் 1க்கு வாசித்துக் காட்டும். ஒரே புத்தகத்துக்கு மூன்று பாடக்குறிப்பு எழுதினால் போதும்.

உருகிப்போனவன்

எல்லாப் புத்தகமும் சிரிப்பில் முடிவதில்லை. அதற்கும் நீங்கள் ஆயத்தமாக இருக்க வேண்டும்.

ஆங்கில ஓவியர் ரேமண்ட் பிரிக்ஸ் 1978இல் வெளியிட்ட "த ஸ்னோமேன்" என்ற புத்தகத்திலும் கதை முழுவதும் படத்தில்தான். ஒரு சிறுவன் பனியில் ஒரு மனிதனைச் செய்கிறான். இரவில் அந்தப் பனிமனிதன் உயிர்பெற்று வீட்டுக்குள் வருகிறான், இருவரும் வானத்தில் பறக்கிறார்கள். காலையில் சிறுவன் ஓடிவந்து பார்த்தால் தொப்பியும் கழுத்துத் துணியும் மட்டும் கிடக்கின்றன. பனிமனிதன் உருகிவிட்டான்.

ஹப்புத்தளைப் பக்கம் ஒரு பாடசாலையில் தரம் 3க்கு இதைக் காட்டினேன். அப்போது நான் ஆசிரிய ஆலோசகர். பனிக்கட்டி மனிதன் பிள்ளைகளுக்கு விளங்குமா என்று எனக்குச் சந்தேகம். "ஐஸ்ல செஞ்ச ஆளு" என்று அவர்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். கடைசிப் பக்கத்தில் எல்லாரும் மௌனமாகிவிட்டார்கள். "என்ன நடக்குது?" என்று கேட்டேன். ஒரு பையன் சொன்னான்:

"உருகினது பிழையில்ல டீச்சர். வெயில் வந்தா உருகத்தான் செய்யும். சொல்லாமப் போனதுதான் பிழை."

வகுப்பு ஆசிரியை என்னைப் பார்த்தார். இடைவேளையில்தான் சொன்னார்: அவனுடைய தாய் மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போய் ஒன்றரை வருடம். பிள்ளை அழுவான் என்று, அவன் தூங்கும்போதே விடியற்காலை வேனில் ஏறிப் போயிருக்கிறார். அந்தத் தாயை நான் குறை சொல்லமாட்டேன். எந்தத் தாயால் விழித்திருக்கும் பிள்ளையை விட்டுப் போக முடியும்? ஆனால் அந்த ஒன்றரை வருடத்தில் அவன் அதைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

நான் ஆறுதல் சொல்லவில்லை. அந்த இடத்தில் எனக்குச் சொல்லவும் தெரியவில்லை. "போகும்போது அவன் என்ன சொல்லியிருக்கலாம்? ஒரு பக்கம் வரைவோமா?" என்று மட்டும் கேட்டேன். எல்லாரும் வரைந்தார்கள். அவனுடைய தாளில் பனிமனிதன் கட்டிலருகே குனிந்து நிற்கிறான். பையன் கண் திறந்திருக்கிறது. அவ்வளவுதான். அந்தத் தாளை வகுப்பு ஆசிரியை அவனுடைய அம்மாயியிடம் கொடுத்தார். வெளிநாட்டுக்கு அனுப்பினார்களா என்பதை நான் விசாரிக்கவில்லை. அது அவர்களுடைய விடயம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பிள்ளை இப்படிச் சொன்னால் வகுப்புக்கு முன்னால் துருவிக் கேட்காதீர்கள். கதையில் வரும் ஆளைப் பற்றியே பேசுங்கள். கதை ஒரு திரை. பிள்ளை தானாக விலக்கினால் விலக்கட்டும்.

வீட்டுக்குப் போகும் புத்தகம்

எங்கள் வகுப்புப் புத்தகத்தை வெள்ளிக்கிழமைகளில் ஒரு பிள்ளையிடம் வீட்டுக்குக் கொடுத்து அனுப்பத் தொடங்கினோம். கிழிந்துவிடும் என்று அதிபர் பயந்தார். கிழிந்ததைவிட, தேத்தண்ணிக் கறையோடு வந்ததுதான் அதிகம். அந்தக் கறைகளைக் கண்டால் எனக்குச் சந்தோசம்.

எழுத்துள்ள புத்தகம் வீட்டுக்குப் போனால், வாசிக்கத் தெரியாத அப்பாயி ஒதுங்கிக்கொள்வார். படப் புத்தகம் போனால் அவர்தான் நடுவில் இருப்பார். ஒரு திங்கட்கிழமை ஒரு சிறுமி வந்து, "எங்க அப்பாயி புஸ்தகம் வாசிச்சாங்க டீச்சர்" என்றாள். எழுபது வயதைத் தாண்டிய, வாழ்நாள் முழுதும் கொழுந்து பறித்த ஒரு பெண்ணைப் பற்றி அவளுடைய பேத்தி சொன்ன வசனம் அது. அதில் பிழையிருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

பதுளையில் சிங்களப் பாடசாலை ஒன்றின் பிள்ளைகளோடு சேர்ந்து ஒரே புத்தகத்தை இரண்டு மொழியிலும் சொல்லவைத்திருக்கிறோம். பொருள் கண்முன்னே இருப்பதால், மற்ற மொழியின் சொல்லைப் பிள்ளைகள் தாங்களாகவே பிடித்துக்கொள்கிறார்கள். நம் நாட்டின் சிபில் வெத்தசிங்க அம்மையார், கதையின் முடிவைப் பிள்ளைகளிடமே விட்டார். அவருடைய "வொண்டர் கிறிஸ்டல்" என்ற நூல் பிள்ளைகள் எழுதிய 1,250 மாற்று முடிவுகளோடு 2020இல் கின்னஸ் பதிவில் இடம்பெற்றது. ஒரு முடிவுதான் சரி என்று அந்த மூதாட்டி நினைக்கவில்லை.

சில ஆட்சேபனைகள்

"புலமைப்பரிசில் பரீட்சை இருக்கிறது, படம் பார்க்க நேரமில்லை" என்று பெற்றோர் சொல்வார்கள். 1990களின் இறுதியில் வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தமே விளையாட்டு, செயற்பாடு, எழுத்துவேலை மூன்றுக்கும் இடம் கொடுக்கச் சொன்னது என்று அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். அதைவிட, பிள்ளை எழுதிய கதையைக் காட்டுங்கள். அதற்குப் பிறகு ஆட்சேபனை குறையும்.

ஆனால் நாமும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். படப் புத்தகம் எழுத்தறிவுக்கு மாற்று அல்ல. படத்தோடு நின்றுவிட்டால் நாம் பிள்ளையை ஏமாற்றுகிறோம். பேச்சிலிருந்து எழுத்துக்கு அழைத்துச்செல்லாத படப் புத்தகம் அரைப் பாலம்.

"புத்தகம் விலை" என்பது உண்மைதான். ஆனால் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை. பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் இலவசமாக இறக்கி அச்சிடக்கூடிய புத்தகங்கள் உள்ளன. எழுத்தில்லாதவையும் உண்டு. அதுவும் இல்லையென்றால் ஒரு வெள்ளைத் தாளை மூன்று தடவை மடித்து வெட்டினால் எட்டுப் பக்கம். விடியற்காலை பிரட்டுக்களம், பிள்ளைக் காம்பரா, கொழுந்து நிறுவை, தெமோதரைச் சுரங்கத்துக்குள் நுழையும் ரயில். நமது பிள்ளைகளின் ஒரு நாள் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவர்கள்தான் வரைய வேண்டும்.

ஒரு வேண்டுகோள்

கனடாவிலும் லண்டனிலும் அவுஸ்திரேலியாவிலும் இருந்து இம்மலரை வாசிக்கும் சகோதரிகளே, நீங்கள் அன்போடு அனுப்பும் பெட்டிகளில் பழைய கலைக்களஞ்சியங்களும் உங்கள் பிள்ளைகள் வாசித்து முடித்த தடித்த நாவல்களும் வருகின்றன. நன்றியோடு வாங்கி, பவ்வியமாகப் பூட்டிவைக்கிறோம். அடுத்த பெட்டியில் பத்தே பத்து எழுத்தில்லாத படப் புத்தகங்கள் வையுங்கள். அவை பூட்டப்படமாட்டா. முடிந்தால் ஊருக்கு வரும்போது ஒரு காலை நேரம் ஒரு தோட்டப் பாடசாலையில் உட்கார்ந்து ஒரு புத்தகத்தைத் திறந்து காட்டுங்கள். தமிழ் மறந்துபோன உங்கள் பிள்ளைகளையும் கூட்டிவாருங்கள். அந்த வகுப்பில் அவர்களும் வாசிக்கத் தெரியாதவர்களாக நிற்கமாட்டார்கள்.

குளவியைப் பற்றிச் சொன்ன அந்தப் பிள்ளை என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். பெரிய உத்தியோகம் பார்க்கிறாள் என்று முடித்தால் அழகாக இருக்கும். அவள் சாதாரண தரம் வரை படித்தாள், திருமணம் முடித்தாள், அதே தோட்டத்தில்தான் இருக்கிறாள். சில வருடங்களுக்கு முன் பஸ் நிலையத்தில் என்னைக் கண்டு கையைப் பிடித்துக்கொண்டாள். கூட வந்த மகளிடம், "இவங்கதான் தவள டீச்சர்" என்றாள். அந்த மகள் தரம் 2. அம்மா மூச்சுவிட இடம்கொடுக்காமல், பஸ் வரும் வரை என்னிடம் பேசிக்கொண்டே இருந்தாள்.